ஊரே தேடு

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. நேத்து உங்களைத் திருப்பி அனுப்புனது எங்க ரேடியோவுல கூட வேலை பாக்குற நூர்ஜஹான். நான் அப்ப இங்க இல்ல, தாலுகா ஆபீஸ்ல ஒரு பேட்டி எடுக்கப் போயிருந்தேன். இருந்திருந்தா அனுப்ப விட்டிருக்கவே மாட்டேன். வீட்டுப் பொம்பளையக் காணோம்னு ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு வந்த மனுசனை வாசல்லயே நிக்க வச்சு, போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களா, ரசீது இருக்கான்னு கேட்டிருக்கா. இதெல்லாம் ஒரு கேள்வியா? அஞ்சு நாளா சோறு தண்ணி இல்லாம அலையிறவனைப் பாத்துக் கேக்குற கேள்வியா?

இன்னைக்கு அவ இல்ல. மேலக்காட்டுல மகளிர் குழுக் கூட்டம், பதிவு பண்ணப் போயிருக்கா. ஒரு மணிக்கு முன்னாடி வரமாட்டா. எனக்கு மைக் பன்னெண்டரைக்கு. இப்ப மணி பதினொன்னே முக்கால்தான் ஆகுது. டீ சொல்லியிருக்கேன், குடிங்க. பதட்டப்படாதீங்க. உங்க சம்சாரம் இந்த ஊருக்குத்தான் டிக்கெட் எடுத்துச்சுன்னு கண்டக்டர் சொன்னாருன்னா, இனிமே கவலையை விடுங்க. பேட்டை வானொலி சத்தம் பதினஞ்சு கிலோமீட்டர் போகும். அதுக்குள்ள ஒரு ஆளு இருந்தா, கிடைச்ச மாதிரிதான்.

கார்ல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்களே, மச்சான்மாரா? ஓ, உங்க தம்பிமாரா. உள்ள வரச் சொல்லுங்க, வெயில்ல எதுக்கு வேகணும். வேணாமா? சரி, உங்க இஷ்டம்.

நான் பவுன்ராஜ். என் பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? குரலையாவது கேட்டிருப்பீங்க. ரேடியோவுக்கு வர்றதுக்கு முன்னாடி பதினாலு வருசம் விளம்பர ஆட்டோவுல மைக் பிடிச்சவன். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியா, சர்க்கஸா, கண் சிகிச்சை முகாமா, எல்லாத்துக்கும் நான்தான். ஆட்டோ தெருவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ‘பவுன்ராஜ் வர்றான்டா’ன்னு பொம்பளைங்க கையைத் துடைச்சுக்கிட்டு வெளிய வருவாங்க. சும்மா பீத்திக்கறேன்னு நெனைக்காதீங்க. வெளிய போயி யாரை வேணாலும் கேளுங்க.

பதினோரு வருசத்துக்கு முன்னாடி, நெல் அரைக்கிற ஆலை வச்சிருந்த பெரியவரு ஒருத்தரு, எங்க டிரஸ்டி அய்யா, லைசென்ஸ் வாங்கி இந்த வானொலியை ஆரம்பிச்சாரு. இது பழைய அரிசி கிட்டங்கி. சுவத்துல இன்னும் தவிட்டு வாசனை அடிக்கும், மோந்து பாருங்க. எதிரொலி வராம முட்டை அட்டையை வரிசையா ஒட்டி ஒரு ரூம் பண்ணினோம், அதுதான் ஸ்டுடியோ. அந்தக் கண்ணாடி தெரியுதுல்ல, அதுக்கு அந்தப் பக்கம். சட்டப்படி எங்களை மாதிரி சின்ன ரேடியோ ‘செய்தி’ன்னு வாசிக்கக் கூடாது தம்பி. அதனால ‘ஊர்த் தகவல்’னு பேரு வச்சோம். தண்ணி என்னைக்கு வரும், கரண்டு எப்ப போகும், எந்த டாக்டர் லீவு, எல்லாம் தகவல்தானே? காலையில ஆறு மணிக்கு மழை நிலவரம். ஏழு மணிக்குத் துக்கத் தகவல். அதைக் கேக்காம இந்த ஊர்ல ஒருத்தரும் பல்லு விளக்கமாட்டாங்க. எட்டு மணிக்கு நூர்ஜஹானோட பொம்பளைங்க நிகழ்ச்சி. ஒன்பதரைக்குப் பேச்சு மேடை, அதுல சாக்கடையில இருந்து சேர்மன் வரைக்கும் போன் போட்டுத் திட்டலாம். நிறுத்துற வரைக்கும் பதினொன்னே காலுக்கு நம்ம நிகழ்ச்சி. ‘ஊரே தேடு.’

அது முழுக்க என் யோசனைதான். கமிட்டியில இன்னைக்கு யாரு வேணாலும் யாரு பேரு வேணாலும் சொல்லட்டும், யோசனை என்னுது. தொலைஞ்சு போனதைச் சொல்லுவேன், ஊரு தேடும். அம்புட்டுதான். முதல் வாரம் ஒரு செவலைப் பசு. ஒரு கொம்பு உடைஞ்சதுன்னு சொன்னேன், சாயங்காலத்துக்குள்ள கயித்தோட கொண்டாந்து நிறுத்திட்டாங்க. பெறகு சாவிக் கொத்து, ரேசன் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், பல்செட்டு. ஆமா தம்பி, பல்செட்டு! கல்யாண மண்டபத்துல கை கழுவுற இடத்துல கழட்டி வச்சுட்டு மறந்து போயிட்டாரு ஒரு வாத்தியாரு. சிரிக்க மாட்டேங்குறீங்களே. பரவால்ல, உங்க நிலைமை அப்படி.

கண்டுபிடிக்கிறவங்களுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பாத்திரக்கடைக்காரரு குடுத்தாரு. ஆனா டிபன் பாக்ஸுக்காகவா தேடுனாங்க? மறுநாள் நான் ரேடியோவுல பேரைச் சொல்லுவேன். ‘கீழத்தெரு மிக்சி ரிப்பேர் கடை அந்தோணி அவர்களின் கழுகுக் கண்ணுக்கு நம் ஊரின் நன்றி’ன்னு. அதுக்குத் தேடுனாங்க. நான் பேச ஆரம்பிச்சா டீக்கடையில கிளாஸ் பாதியில நிக்கும். ஆட்டோக்காரங்க வண்டியை ஓரம் கட்டிட்டுக் கேப்பாங்க. பெறகு மனுசங்களையும் தேட ஆரம்பிச்சோம். திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளைங்க, புத்தி தடுமாறி வீட்டை விட்டு நடந்து போயிட்ட பெரியவங்க. ஒவ்வொருத்தரையும் கண்டுபிடிச்சு நேரா இங்கதான் கூட்டிட்டு வரணும். அது வழக்கம். வந்து மைக்ல ரெண்டு வார்த்தை பேசணும், ‘நான் கிடைச்சுட்டேன்’னு. ஒரு தடவை ஒரு குட்டிப் பொண்ணு மைக்கைப் பாத்துட்டு, ‘எனக்கு முறுக்கு வேணும்’னுச்சு. அன்னைக்கு ஒரு மணி நேரத்துல வாசல்ல பதினேழு பொட்டலம் முறுக்கு. ஊரு தம்பி, ஊரு!

டீ ஆறுது பாருங்க.

போட்டோவை மேசையில வைங்க, நான் எங்கயும் தூக்கிட்டுப் போயிட மாட்டேன். என்ன இது, இப்படிக் கசங்கிக் கெடக்கு? யாரோ கையால கசக்கிட்டுத் திரும்ப நீவி விட்ட மாதிரில்ல இருக்கு. சட்டைப் பையிலயே வச்சிருந்தீங்களா? முகம் தெரியுது, போதும். நல்ல லட்சணமான முகம். பேரு பிருந்தாவா. சரி.

எதுக்கு நிகழ்ச்சியை நிறுத்துனாங்கன்னு கேக்குறீங்களா? கேளுங்க. உங்ககிட்டச் சொல்றதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. நீங்க தான் இதைப் புரிஞ்சுக்குவீங்க.

போன வருசத்துக்கு முந்தின ஆவணி மாசம். வேல்சாமின்னு ஒருத்தரு வந்தாரு. கடைவீதியில ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு. இன்னைக்கு நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே இடத்துல தான் உக்காந்தாரு. அதிர்ந்து பேசாத மனுசன். சம்சாரத்தைக் காலையில இருந்து காணோம்னாரு. பேரு மாரிக்கனி. வயசு இருபத்தாறு. கண்ணு கலங்கிப் போயி, கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு மனசு தாங்கல. இதுக்குத்தானய்யா நான் குரல் வச்சிருக்கேன்னு மைக்ல போயி உக்காந்துட்டேன்.

அன்னைக்குப் பேசுன மாதிரி என் வாழ்க்கையில நான் பேசுனதில்ல. ‘பச்சைச் சேலை, மஞ்சள் கரை. ஐந்தடி ஓர் அங்குலம். மாநிறம். வலது தாடையில் மிளகு அளவு மச்சம். கையில் நீல நிறப் பிளாஸ்டிக் பை. நேயர்களே, உங்கள் பக்கத்தில் திரும்பிப் பாருங்கள்.’ அந்தக் கடைசி வரி இருக்கே, அது எழுதி வச்சு வாசிச்சதில்ல, தானா வந்துச்சு. ஊரு முழுக்க அந்த நிமிசம் திரும்பிப் பாத்துச்சாம். எனக்குப் பலபேரு சொன்னாங்க.

இருவத்திரெண்டு நிமிசம். கணக்கு வச்சிருக்கேன், இருவத்திரெண்டே நிமிசம்! பஸ் ஸ்டாண்டுல பெண்கள் தங்கும் அறையில ஒரு மூலையில உக்காந்திருந்துச்சாம். திருப்பூர் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு. பூக்காரம்மா டிரான்சிஸ்டர்ல கேட்டுட்டு, சேலையைப் பாத்துட்டு, மச்சத்தைப் பாத்துட்டு, ‘ஏ இவதாண்டி’ன்னு சத்தம் போட்டிருக்கா. எந்திரிச்சு ஓடியிருக்கு. நாலு பொம்பளைங்க கையைக் கோத்துக்கிட்டு வழியை மறிச்சுட்டாங்க. டிரைவர் என் விசிறி, பஸ்ஸை எடுக்கவே மாட்டேன்னு என்ஜினை ஆஃப் பண்ணிட்டாரு. இன்னும் பத்து நிமிசம் விட்டிருந்தா திருப்பூர் போயிருக்கும் தம்பி! பனியன் கம்பெனியில எந்த மூலையில போயித் தேடுறது? பத்து நிமிசத்துல தப்பிச்சோம்.

ஆட்டோவுல வச்சு இங்க கொண்டாந்தாங்க. பின்னாடியே ஐம்பது அறுபது பேரு. டிபன் பாக்ஸ் யாருக்குன்னு பூக்காரம்மாவுக்கும் ஆட்டோக்காரனுக்கும் வாசல்லயே சண்டை, நான் ரெண்டு பேருக்கும் குடுக்கறேன்னு சொல்லி அடக்குனேன். சிரிப்பும் கூச்சலுமா ஒரே திருவிழா.

மைக் முன்னாடி நிறுத்துனேன். ‘சொல்லுங்கம்மா, நான் கிடைச்சுட்டேன்னு ரெண்டு வார்த்தை.’ அது பேசல. கண்ணாடியையே பாத்துக்கிட்டு நிக்குது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேல்சாமி கும்பிட்ட கையோட நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. பாவம், சந்தோசம். அது அவரைப் பாக்குது, மைக்கைப் பாக்குது, வாயைத் திறக்குது, மூடுது. எட்டு செகண்டு தம்பி. ரேடியோவுல எட்டு செகண்டு சத்தமே இல்லைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. கேக்குறவன் செட்டு கெட்டுப் போச்சுன்னு தட்டுவான், வேற ஸ்டேசனுக்குத் திருப்புவான். எனக்கு வேர்த்துப் போச்சு. ‘ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை நேயர்களே!’ன்னு ஒரு போடு போட்டுட்டுப் பாட்டைப் போட்டு விட்டுட்டேன். வெளிய ஒரே கைத்தட்டு. சமாளிக்கறதுன்னா அதுதான். புதுசா வர்ற பசங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் அது வராது.

பாட்டு ஓடும்போது மைக் மூடித்தான் இருக்கும். அப்ப அது என்கிட்டச் சொல்லுச்சு. மெதுவா, என் முகத்தைப் பாக்காம. ‘அண்ணே, நான் தொலைஞ்சு போகலண்ணே. நானாத்தான் கிளம்புனேன். எட்டு மாசமா யோசிச்சு இன்னைக்குத்தான் கிளம்புனேன்’னுச்சு.

நான் என்ன சொல்றது? ‘எல்லா வீட்லயும் உள்ளதுதாம்மா, போயி நல்லபடியா இருங்க’ன்னேன். வேற என்ன சொல்லுவீங்க நீங்க? சொல்லுங்க. நானும் கட்டுன பொண்டாட்டியோட முப்பது வருசம் குடும்பம் நடத்துறவன்தானே. சண்டை வராத வீடு உண்டா?

‘இனிமே நான் எங்கண்ணே போவேன்? என் உசரம், மச்சம், என்கிட்ட இருக்கற ரெண்டு சேலையில ஒன்னு, எல்லாம் இந்த ஊருக்குத் தெரிஞ்சு போச்சே’ன்னுச்சு.

எனக்குச் சுருக்குன்னு கோவம்தான் வந்துச்சு. உள்ளதைச் சொல்றேன். ஒரு ஊரே வேலைவெட்டியைப் போட்டுட்டு உன்னைத் தேடியிருக்கு, ஒரு நன்றி கூடச் சொல்லத் தெரியல, கொறையா சொல்றியேன்னு. சின்ன வயசு, தெரியாமப் பேசுதுன்னு விட்டுட்டேன். வேல்சாமி எனக்கு ஒரு சால்வை போத்தினாரு. ரெண்டு பேரும் பைக்ல ஏறிப் போனாங்க. வழியெல்லாம் சனங்க கையை ஆட்டுனாங்க.

பத்தொம்பது நாள் கழிச்சு, காலையில ஆறே முக்காலுக்கு வேல்சாமியோட சித்தப்பா மகன் ஒரு சீட்டு கொண்டாந்தாரு. துக்கத் தகவல் சீட்டு. எனக்குக் கண்ணாடி போடணும், போட்டுட்டு மைக்ல உக்காந்து தான் பிரிச்சேன். ‘கடைவீதி ஹார்டுவேர் உரிமையாளர் வேல்சாமி அவர்களின் மனைவி மாரிக்கனி அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் கால் தவறி விழுந்து இயற்கை எய்தினார். அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில்.’

வாசிச்சேன். ஒரு எழுத்து தடுமாறல. அது தொழில். பெறகு வெளிய வந்து அந்தத் தண்ணிப் பானைக்கிட்ட நின்னேன், எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. தண்ணி குடிக்கலாம்னு போனவன் குடிக்காமயே நின்னிருக்கேன். எனக்கு வருத்தம் இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க தம்பி. மூணு நாள் சோறு இறங்கல எனக்கு. அந்தப் பொண்ணு முகம் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆனா ஆயுசு முடிஞ்சா யாரு என்ன பண்ண முடியும்? கிணத்தடி வழுக்கும். மழைக்காலம் வேற.

அன்னைக்கு எட்டு மணிக்கு நூர்ஜஹான் நிகழ்ச்சி. அவ மைக்குக்கே போகல. கால் மணி நேரம் வெறும் பாட்டுதான் ஓடுச்சு. படியில உக்காந்திருந்தவ, என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, ‘அண்ணே, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை, ஏம்மா கிளம்பி வந்தேன்னு கேட்டீங்களா?’ன்னா.

‘அது என் வேலையா?’ன்னேன். ‘நான் ஜட்ஜா? தொலைஞ்சதைச் சொல்றவன் நான்.’

‘வேல்சாமிகிட்டயாவது கேட்டீங்களா?’

‘பொண்டாட்டியக் காணோம்னு அழுகுறவன்கிட்ட ஏன் காணோம்னு கேக்கச் சொல்றியா? உனக்கு இதயம்னு ஒன்னு இருக்கா?’ன்னேன். அவ செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. அவ அப்படித்தான், பேச வேண்டிய எடத்துல பேசமாட்டா. நேரா டிரஸ்டி அய்யாகிட்டப் போயி எழுதிக் குடுத்துட்டா. பேசறதா இருந்தா என் மூஞ்சிக்கு நேரா பேசியிருக்கணுமில்ல?

அந்தா சுவத்துல அட்டை தொங்குது பாருங்க, அவ கையெழுத்துதான். ‘பதினெட்டு வயது நிறைந்தவர்களைப் போலீஸ் ரசீது இல்லாமல் காணவில்லை என அறிவிக்கக் கூடாது. போலீஸ் ரசீது இருந்தாலும், தேடப்படுபவர் விரும்பினால் மட்டுமே இருக்கும் இடம் சொல்லப்படும்.’ இது ஒரு விதியா? தொலைஞ்சவங்க விருப்பப்பட்டாத்தான் கண்டுபிடிக்கணுமாம்! மாடு விருப்பப்பட்டா வீட்டுக்கு வரும்? என் நிகழ்ச்சியை நிறுத்திட்டாங்க தம்பி. ஒன்பதரை வருசத்துல எரநூத்திப் பதினாலு. நோட்டுப் போட்டு எழுதி வச்சிருக்கேன். எரநூத்திப் பதினாலு தடவை கண்டுபிடிச்சுக் குடுத்தவனை, ஒன்னே ஒன்னுக்காக, காய்கறி வரத்து வாசிக்க உக்கார வச்சுட்டாங்க. பன்னெண்டரைக்குச் சந்தை நிலவரம். பவுன்ராஜுக்கு வந்த வாழ்வைப் பாருங்க!

ஊருக்கு என் மேல ஒரு கோவமும் கிடையாது. வேல்சாமியே இன்னைக்கும் கடையில என்னைப் பாத்தா எந்திரிச்சு நின்னு கும்பிடுவாரு. அம்புட்டு மரியாதை. வீட்லதான் கொஞ்சம் மாறிப் போச்சு. என் வீட்டுக்காரி ரேடியோ கேக்கறதை விட்டுட்டா. முன்னெல்லாம் என் குரல் வந்தாத்தான் அடுப்பையே பத்த வைப்பா. ஏண்டி போடலைன்னா பேட்டரி தீந்து போச்சுங்குறா. புது பேட்டரி வாங்கிப் போட்டேன். அப்பவும் போடல. ராத்திரி சோறு போடும்போது என்னைப் பாக்காம வேற எங்கயோ பாத்துக்கிட்டுப் போடுறா. வயசானா பொம்பளைங்களுக்கு அப்படி ஆகும்னு சொல்றாங்க.

மணி என்ன? பன்னெண்டே கால். சரி, எழுதிக்குவோம். பேனா எங்க வச்சேன்... இந்தா.

பிருந்தா. வயசு? இருவத்தொம்பது. உசரம் சொல்லுங்க. உங்க தோளுக்கு வருமா? அப்ப அஞ்சடி ரெண்டுன்னு போட்டுக்கறேன். எலுமிச்சை நிறமா? என்ன உடுத்தியிருந்துச்சு? ஊதாக் கலர் சுடிதார். அஞ்சு நாள் ஆச்சு, மாத்தியிருக்கும். உடுப்பை நம்ப முடியாது. மச்சம், தழும்பு ஏதாவது சொல்லுங்க.

சூட்டுத் தழும்பா? எதால? இஸ்திரிப் பெட்டி. அப்ப முக்கோணமா இருக்குமே. நல்லது, நல்லது! மச்சம்னா கிட்டப் போயிப் பாக்கணும், இது தள்ளி நின்னாலே தெரியும். எங்க, கையிலயா? கழுத்துக்குப் பின்னாடியா?

கழுத்துக்குப் பின்னாடி இஸ்திரிப் பெட்டி எப்படித் தம்பி...

சரி விடுங்க. அது எதுக்கு நமக்கு. முந்தானையோ துப்பட்டாவோ போட்டு மறைச்சிருந்தா அதுவே ஒரு அடையாளம். ‘இந்த வெயில்லயும் கழுத்தை மூடியிருக்கலாம்’னு ஒரு வரி சேத்துக்கறேன். பாத்தீங்களா, இதெல்லாம் அனுபவத்துல வர்றது.

கைத்தொழில் ஏதாவது தெரியுமா? தையலா! அப்ப முடிஞ்சே போச்சு. இந்த ஊர்ல ஆளு வச்சுத் தைக்கிற எடம் மூணுதான். பை தைக்கிறது ஒன்னு, பள்ளிக்கூட யூனிபாரம் ஒன்னு, ரயில்வே கேட்டுக்கிட்ட நைட்டி தைக்கிறது ஒன்னு. அஞ்சு நாளைக்குள்ள வயித்துப்பாட்டுக்கு இதுல எங்கயாவது போயி ஒட்டியிருக்கும். புது ஆளைத் தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், சொல்ல ஒரு குரல்தான் வேணும்.

பொண்ணோட அப்பா அம்மா நம்பர் குடுங்க, கிடைச்சதும் அவங்களுக்கும் சொல்லிடலாம். வேணாமா? ஏன், பேச்சுவார்த்தை இல்லையா? சரி சரி, உங்க நம்பர் மட்டும் போதும். போலீஸ்ல ஏன் எழுதிக் குடுக்கலைன்னு நான் கேக்க மாட்டேன். குடும்ப மானம் ஸ்டேசன் வாசல்ல நிக்கணுமா? அது எனக்குத் தெரியுது, அந்த நூர்ஜஹானுக்குத் தெரியல.

கடைசியில நான் எப்பவும் ஒரு வரி சொல்லுவேன். ‘வீட்டில் யாரும் கோபமாக இல்லை, திரும்பி வாருங்கள்’னு. சொல்லலாமில்ல? ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க? சொல்லலாம்ல தம்பி? சரி, சொல்றேன்.

வாங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கங்க. உள்ள சிவப்பு விளக்கு எரிஞ்சா இருமக் கூடாது, போனை அணைச்சுடுங்க. இப்படித் தேடச் சொல்லி ஒன்னரை வருசம் ஆச்சுல்ல.   தண்ணி குடிச்சுட்டுப் போகலாம்னா... வேணாம், நேரமாச்சு.

‘வணக்கம் நேயர்களே. பேட்டை வானொலியின் சந்தை நிலவரம், வழங்குவது உங்கள் பவுன்ராஜ். இன்று சந்தைக்குத் தக்காளி வரத்து அதிகம். கத்தரிக்காய் வரத்து சுமார். முருங்கைக்காய் வரத்து இல்லை. சின்ன வெங்காயத்துக்குப் போகும் முன், நேயர்களே, ஒரு நிமிடம். நீண்ட நாட்களுக்குப் பிறகு உங்கள் பவுன்ராஜ் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஊரே, தேடு. பெயர் பிருந்தா. வயது இருபத்தொன்பது. ஐந்தடி இரண்டங்குலம். பின்கழுத்தில் முக்கோண வடிவத் தழும்பு. வெயிலிலும் கழுத்தை மூடியிருக்கலாம். தையல் தெரிந்தவர். கடந்த ஐந்து நாட்களுக்குள் உங்கள் தெருவுக்கோ, உங்கள் தையல் கூடத்துக்கோ புதிதாக வந்திருக்கலாம். வாசலில் கணவர் கண்ணீரோடு காத்திருக்கிறார். பிருந்தா, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் யாரும் கோபமாக இல்லை. திரும்பி வாருங்கள். ஒரு சிறு இசைக்குப் பின் சின்ன வெங்காயம்.’

எப்படி? பழைய மாதிரி வந்துச்சா? ஒன்னரை வருசம் இதை வாசிக்காம இருந்தும் குரல் எங்கயும் பிசகல பாத்தீங்களா? நீங்க என்ன, கண்ணீரையும் காணோம், ஒன்னையும் காணோம், கதவுப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. வாசல்ல வண்டியை வேற ஸ்டார்ட் பண்ணிட்டாங்க உங்க தம்பிமாரு. அட, இருங்க, போன் அடிக்குது. இன்னும் வெங்காயத்துக்கே வரல, அதுக்குள்ள அடிக்குது! இந்த ஊரை என்னன்னு நெனைச்சா அந்த நூர்ஜஹான்?

‘வணக்கம், பேட்டை வானொலி... ஆமாம்மா, பவுன்ராஜ்தான் பேசறேன். நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா... ரயில்வே கேட்டா? நைட்டி தைக்கிற எடம்... புதுசா வந்த பொண்ணு. கழுத்தை நீங்க பாத்தீங்களா? தலை வாரி விடும்போது பாத்தீங்க. அப்ப அதேதாம்மா. இப்ப எங்க இருக்கு? உங்க பக்கத்துலயா? அழுகுதா... அழுகத்தாம்மா செய்யும், வீட்டு ஞாபகம். என்ன? சொல்லிடாதீங்கன்னு காலைப் பிடிக்குதா? அம்மா, அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. சின்னப் பொண்ணு, தெரியாமப் பேசும். நீங்க பெரியவங்க, நீங்கதான் பக்குவமாச் சொல்லணும். பின்வாசல் இருக்கா உங்க வீட்ல? அதையும் பூட்டிடுங்க. எந்தத் தெரு, எத்தனாவது வீடு... தம்பி, எழுதிக்கங்க, ரயில்வே கேட் தாண்டி ரெண்டாவது சந்து, நீலக் கேட்டு... இல்லம்மா, உங்களை இல்ல, அவங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். இங்கதான் நின்னாரு, இப்பத்தான் ஓடுறாரு. ரொம்பத் தங்கமான மனுசம்மா. அஞ்சே நிமிசம். அதுவரைக்கும் கதவை மட்டும் தொறந்துடாதீங்க.’